கட்டளை போனது, எரிபொருள் போனதா?

2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்15 கிளம்பியது. அங்கிருந்து ஏவப்பட்ட நூறாவது ராக்கெட் என்பதால் கொண்டாட்டமும் கொஞ்சம் கூடுதல். ராக்கெட் தன் வேலையைக் குறையில்லாமல் முடித்தது. அது சுமந்துபோன என்விஎஸ்-02 செயற்கைக்கோளும் சூரியத் தகடுகளை விரித்துத் தரையோடு பேசத் தொடங்கியது. சில நாள் கழித்து இஸ்ரோ வெளியிட்ட குறிப்பில் ஒரு வரி இருந்தது: பாதையை உயர்த்துவதற்காக ஆக்சிகரணியை எஞ்சினுக்குள் விடவேண்டிய வால்வுகள் திறக்கவில்லை. செயற்கைக்கோள் தான் போய்ச் சேர வேண்டிய உயரத்துக்குப் போகாமல் நீள்வட்டப் பாதையிலேயே தங்கிவிட்டது.

'வால்வு திறக்கவில்லை' என்ற வாக்கியம் இந்தத் துறைக்காரர் காதில் இரண்டு விதமாக விழும். திறக்கச் சொல்லும் மின்சாரம் வால்வுக்குப் போய்ச் சேரவில்லை என்று ஒரு பொருள். மின்சாரம் சேர்ந்தும் வால்வு அசையவில்லை, அல்லது அசைந்தும் திரவம் போகவில்லை என்று இன்னொரு பொருள். தரையில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை மேடைகள் உண்டு. ஒன்றில் வால்வே இருக்காது. வால்வைப் போல நடிக்கும் மின்சுற்று இருக்கும். விண்கலக் கணினி அந்த நடிப்பை நம்பி வேலை செய்யும். இதை மின் மேடை என்று வைத்துக்கொள்வோம். மற்றதில் நிஜ வால்வு, நிஜக் குழாய், உள்ளே தண்ணீரோ நைட்ரஜனோ, துணிந்தவர்களிடம் நிஜ எரிபொருளோ இருக்கும். இது திரவ மேடை. இரண்டும் ஒரே வால்வைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் ஒன்று சொல்வதை மற்றது சொல்வதில்லை. கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதற்கும் அதுவே பதில் சொல்லும் என்று இருந்துவிடுகிறார்கள்.

முதலில் வால்வைப் பார்த்துவிடுவோம். கலத்தைத் திருப்பவும் தள்ளவும் உதவும் சிறு எஞ்சினான த்ரஸ்டர் ஒன்றின் வால்வு உள்ளங்கையில் அடங்கிவிடும். செம்புக் கம்பி சுற்றிய காயில், நடுவே அசையக்கூடிய இரும்புத் துண்டு, அதை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில், துளையை அடைத்து உட்காரும் டெஃப்லான் அடைப்பு. காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு இழுபட்டுத் துளை திறக்கும். மின்சாரம் நின்றால் வில் மூடிவிடும். செயற்கைக்கோள்களில் மின்னழுத்தம் பல இடங்களில் 28 வோல்ட். 9 வாட் எடுக்கும் ஒரு வால்வை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டால் மின்னோட்டம் 0.32 ஆம்பியர், காயிலின் மின்தடை 87 ஓம். இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

ஆசிலோஸ்கோப்பில் அந்த மின்னோட்டத்தைப் பார்த்தால்தான் வால்வின் குணம் தெரியும். சுவிட்ச் போட்டதும் மின்னோட்டம் ஒரே தாவாகத் தாவாது. காயிலின் மின்தூண்டல் அதைப் பிடித்து இழுக்கும். கோடு வளைந்து மெல்ல ஏறும். ஏறிக்கொண்டிருக்கும்போதே, சில மில்லிநொடிகளில், திடீரென்று ஒரு சின்னப் பள்ளம் விழும். பிறகு மறுபடி ஏறிச் சமன்படும். அந்தப் பள்ளத்தில்தான் விஷயம் இருக்கிறது. இரும்புத் துண்டு நகரும்போது காயிலுக்குள் காந்தப்புலம் மாறுகிறது. அதனால் பிறக்கும் எதிர் மின்னழுத்தம் மின்னோட்டத்தை ஒரு கணம் பின்னுக்கு இழுக்கிறது. பள்ளத்தின் அடிமுனைதான் இரும்பு ஓடி முடித்து முட்டி நின்ற நேரம். பள்ளம் இல்லையென்றால் இரும்பு நகரவே இல்லை. பள்ளம் தள்ளி விழுந்தால் எங்கோ உராய்வு, அல்லது குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது, அல்லது காயில் சூடாகியிருக்கிறது. வால்வுக்குள் ஒரு சென்சாரும் வைக்காமல், வெளியே போகும் கம்பியை மட்டும் பார்த்து இவ்வளவும் சொல்லிவிடலாம். இந்தத் தொழிலின் அளவீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

மின் மேடையைச் சுலபமாகக் கட்ட நினைப்பவர்கள் ஒரு ரெசிஸ்டரோடு நிறுத்திக்கொள்வார்கள். அலுமினிய உறை போட்ட பெரிய ரெசிஸ்டர், பக்கத்தில் ஒரு எல்இடி விளக்கு. கட்டளை வந்தால் விளக்கு மின்னும். பார்க்கத் திருப்தியாக இருக்கும், வருகிற விருந்தினருக்குக் காட்டவும் ஆகும். ஆனால் 10 மில்லிநொடித் துடிப்புக்கும் 15 மில்லிநொடித் துடிப்புக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விண்கலத்துக்கோ அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தள்ளு.

ரெசிஸ்டரின் பெரிய குறை அதுவல்ல. அது எதையும் சேமித்து வைப்பதில்லை, காயில் சேமிக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த கணத்தில் காயில் தன்னிடமுள்ள காந்த ஆற்றலைத் திருப்பி வீசும். தடுக்க ஏதுமில்லையென்றால் துண்டித்த டிரான்சிஸ்டரின் தலையில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும். அதற்காக டிரைவர் சுற்றில் ஒரு டயோடு போடுவார்கள். டயோடு மட்டும் போட்டால் மின்னோட்டம் அந்த வழியே சுற்றிச் சுற்றி மெல்லத்தான் அடங்கும். வால்வு தாமதமாக மூடும். அதனால் ஜீனர் டயோடையும் சேர்த்து, கொஞ்சம் உயர்ந்த மின்னழுத்தத்தில் பிடித்து, ஆற்றலைச் சீக்கிரம் தீர்த்துவிடுவார்கள். ரெசிஸ்டர் மட்டும் உள்ள மேடையில் இது எதுவுமே நடக்காது. பாதுகாப்புச் சுற்று முழுவதுமே பொருத்தாமல் விட்டுப்போயிருந்தாலும் அந்த மேடை 'சரி' என்றே சொல்லும்.

அடுத்த படி, ரெசிஸ்டரோடு ஒரு மின்தூண்டியைச் சேர்ப்பது. அதற்கும் மேலே, சோதனையில் கழித்துப்போட்ட நிஜ வால்வின் காயிலையே பெட்டிக்குள் வைப்பது. கடைசிப் படியில் மின்னோட்டத்தின் வடிவத்தையே எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கித் தரும். பள்ளத்தோடு, மூடும்போது தெரியும் சின்ன மேட்டோடு. அங்கே நின்றுவிடாமல், எந்த த்ரஸ்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை மைக்ரோநொடிக் கணக்கில் பதிந்து, கலம் எவ்வளவு திரும்பியிருக்கும் என்று கணக்கிட்டு, விண்மீன் கேமராவும் கைரோவும் அதைப் பார்த்ததுபோல ஆக்கி, பறக்கப்போகும் கணினிக்கே திருப்பித் தருவார்கள். மேசைமேல் பரப்பிவைத்த சர்க்யூட் பலகைகள் தாம் விண்வெளியில் இருப்பதாக நம்பிக்கொண்டு ராத்திரி முழுக்க த்ரஸ்டரை இயக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆள் வேண்டாம், முகமூடி வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டாம்.

நிஜ வால்வு கலத்திலேயே இருக்கும்போது இந்த நடிப்பு எதற்கு என்று கேட்கலாம். திரவம் இல்லாமல் வால்வைத் திறந்து மூடினால் அடைப்பு தேயும். அதனால் உலர்ந்த நிலையில் எத்தனை முறை இயக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு இயக்கமும் கணக்கில் எழுதப்படும். மென்பொருளில் ஒரு வரி மாற்றும்போதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து செலவழிக்க யாருக்கும் மனம் வராது.

மின் மேடை கேட்கவேண்டிய கேள்வி எது என்பதற்கு ஜெமினி 8-ஐவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1966 மார்ச் 16. நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் அஜீனா என்ற ஆளில்லாக் கலத்தோடு தங்கள் கலத்தை இணைத்தார்கள். விண்வெளியில் நடந்த முதல் இணைப்பு அதுதான். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டும் சேர்ந்து சுழலத் தொடங்கின. பழி அஜீனாமேல் விழுந்தது. பிரிந்துவிட்டால் சரியாகும் என்று பிரிந்தார்கள்; சுழற்சி இன்னும் வேகமெடுத்து நொடிக்கு ஒரு சுற்று என்ற அளவுக்குப் போனது. கோளாறு அவர்களுடைய கலத்திலேயே இருந்தது. எட்டாம் எண் த்ரஸ்டர், பெரும்பாலும் மின்கசிவுக் குறுக்குச்சுற்றால், யாரும் சொல்லாமலே எரிந்துகொண்டிருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் அந்த த்ரஸ்டர் தொகுதியையே அணைத்துவிட்டு, பூமிக்குத் திரும்பும்போது மட்டும் பயன்படுத்தவேண்டிய தனித் தொகுதியை எடுத்துச் சுழற்சியை நிறுத்தினார். அதைத் தொட்டுவிட்டால் திரும்பியாக வேண்டும் என்பது விதி. பயணம் அன்றே பசிபிக் கடலில் முடிந்தது.

அந்த வால்வில் எந்தக் குறையும் இல்லை. மின்சாரம் வந்தது, அது திறந்தது. திரவ மேடையில் வைத்து ஆயிரம் தடவை இயக்கியிருந்தாலும் ஆயிரம் தடவையும் தேறியிருக்கும். மின்சுற்றில்தான் சிக்கல்: கட்டளை இல்லாதபோதும் மின்சாரம் வந்துவிடக்கூடிய அமைப்பாக அது இருந்தது. அதன்பின் த்ரஸ்டர்களின் சுற்றுகளைத் தனித்தனியாகத் துண்டிக்கும்படி மாற்றினார்கள். ஆகவே மின் மேடை கட்டுகிறவர் 'கட்டளை கொடுத்தால் திறக்கிறதா' என்பதோடு விடாமல், 'கட்டளை கொடுக்காமலே திறந்துகொண்டால் கணினி என்ன செய்யும்' என்றும் கேட்கவேண்டும். எட்டு த்ரஸ்டரில் ஒன்றைத் திறந்தபடியே ஒட்டவைத்து, கணினி எத்தனை நொடியில் கண்டுபிடிக்கிறது, எந்தச் சுவிட்சை அணைக்கிறது, அதற்குள் கலம் எவ்வளவு சுழன்றுவிடுகிறது என்று பார்க்க மின் மேடையைவிட்டால் வேறு வழியில்லை. நிஜ எரிபொருளோடு அந்தச் சோதனையை யாரும் செய்யத் துணியமாட்டார்கள்.

மின்சாரம் வரக்கூடாத நேரத்தில் வருவதற்கு இன்னொரு வழியும் உண்டு. 1999 மார்ச்சில் ஏவப்பட்ட வயர் என்ற நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி, மின்பெட்டியை முதன்முதல் இயக்கிய கணத்தில் எழுந்த தற்காலிகத் துடிப்பால் தன் மூடியைத் தானே தள்ளிவிட்டது. குளிர்விக்க வைத்திருந்த உறைந்த ஹைட்ரஜன் ஆவியாகி வெளியேறிய வேகத்தில் கலம் நிமிடத்துக்கு 60 சுற்று என்ற அளவில் சுழன்றது. அறிவியல் பணி அதோடு போயிற்று. அங்கே திறந்தது வால்வல்ல, வெடிமருந்தால் விடுபடும் மூடி. ஆனால் த்ரஸ்டர் வால்வுக்கும் இதே ஆபத்துதான். மின் மேடையின் பதிவுக் கருவி, சோதனை 'தொடங்கிய' பிறகு விழித்தால் போதாது. மின்சாரம் கொடுக்கும் முதல் மைக்ரோநொடிக்கு முன்பே விழித்திருக்க வேண்டும்.

மின் மேடைக்கு ஒரு குருட்டுப் பக்கமும் இருக்கிறது. அது தன் சொந்தக் கேபிளோடு வருகிறது. கலத்தின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மேடையின் கனெக்டரைச் செருகுவார்கள். சோதனை முடிந்ததும் பழையதை மாட்டுவார்கள். கடைசியாக மாட்டிய அந்தக் கனெக்டரை மேடை ஒருநாளும் பார்த்ததில்லை. 2020 நவம்பரில் ஐரோப்பாவின் வேகா ராக்கெட் விவி17 பயணத்தில் விழுந்ததற்குக் காரணம், நான்காம் நிலையின் எஞ்சினைத் திருப்பும் இயக்கிகளுக்குப் போன கேபிள்கள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தது. இடப்பக்கம் என்று சொன்னால் அது வலப்பக்கம் திரும்பியது. ஸ்பெயினின் ஒரு செயற்கைக்கோளும் பிரான்சின் ஒரு செயற்கைக்கோளும் அதோடு போயின. கணினியும் இயக்கியும் தனித்தனியே சோதனையில் தேறியவை. த்ரஸ்டர்களில் இதைப் பிடிக்கப் பழைய காலத்து வழி ஒன்று உண்டு: எல்லாக் கனெக்டரையும் கடைசியாக மாட்டியபின், குழாயில் லேசான நைட்ரஜன் அழுத்தம் வைத்து, ஒவ்வொரு த்ரஸ்டருக்கும் கட்டளை கொடுத்து, நாசிலில் காற்று வருகிறதா என்று பார்ப்பது. மூன்றாம் எண்ணுக்குக் கட்டளை கொடுத்தால் மூன்றாம் எண்ணில்தான் வரவேண்டும். அதற்கு ஈடான சோதனை எதையும் எந்த மென்பொருளும் இன்னும் தரவில்லை.

இனித் திரவ மேடை. இங்கே முதல் கேள்வி, குழாயில் எதை விடுவது? ஹைட்ரசீன் நிஜ எரிபொருள். ஆனால் காற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று தொழில் நலவியலார் சொல்லும் அளவுக்கு நச்சு. நல்லவேளையாக அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கிறது, பாகுத்தன்மையும் அப்படியே. ஆகவே தண்ணீரை வைத்தே வால்வின் ஓட்ட அளவையும் அழுத்த இழப்பையும் பெரும்பாலும் சரியாகப் பார்த்துவிடலாம். கசிவைப் பார்க்க ஹீலியம். பெரும்பாலான திரவ மேடைகள் இந்த இரண்டோடு தம் வாழ்நாளைக் கழிக்கின்றன.

தண்ணீர் மேடை காட்டுகிற ஒன்றை மின் மேடை கனவிலும் காட்டாது. வீட்டுக் குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் 'டப்' என்று கேட்குமே, அதே அடி இங்கேயும் விழுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் நிக்கோலாய் ஜூக்கோவ்ஸ்கி இதை அளந்து சமன்பாடாக்கினார்: அடர்த்தி, திரவத்தில் ஒலியின் வேகம், நிறுத்தப்பட்ட ஓட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் அழுத்த ஏற்றம். எஃகுக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 14 பார்வரை எகிறும். ஒரே குழாயில் தொங்கும் நான்கு த்ரஸ்டரில் ஒன்று மூடினால் பக்கத்திலுள்ளவற்றுக்கு அந்த அலை போகும். ஒன்று திறந்தால் மற்றதன் அழுத்தம் ஒரு கணம் சரியும். கட்டளை சரியாகவே போயிருக்கும்; தள்ளு மட்டும் கூடக்குறைய இருக்கும். மின் மேடையின் கணக்கில் ஒவ்வொரு த்ரஸ்டரும் தனித்தீவு. யாராவது திரவ மேடையில் அளந்து வந்து எழுதினால் ஒழிய அது அப்படியேதான் இருக்கும்.

தண்ணீர் மேடையும் எங்கே தோற்கிறது என்பதை ஸ்டார்லைனர் காட்டியது. ஒருமுறையல்ல, இருமுறை. போயிங் கட்டிய அந்தக் கலத்தில் ஆக்சிகரணி நைட்ரஜன் டெட்ராக்சைடு. 21 டிகிரியிலேயே கொதிக்கும் பழுப்புத் திரவம் அது. டெஃப்லானுக்குள் மெல்ல ஊறிப்போகும் பழக்கமும் உண்டு. 2021 ஆகஸ்டில் ஆளில்லாமல் ஏவக் காத்திருந்தபோது, 24 ஆக்சிகரணி வால்வுகளில் 13 திறக்க மறுத்தன. ஊறி வெளியே வந்த ஆக்சிகரணி, ஃப்ளோரிடாவின் ஈரக்காற்றோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, உலோகத்தை அரித்து, வால்வை ஒட்டவைத்திருந்தது. சூடேற்றியும் மின்னழுத்தம் கொடுத்தும் ஒன்பதை அசைக்க முடிந்தது. நான்கு அசையவே இல்லை. ஏவல் அடுத்த ஆண்டு மே மாதத்துக்குப் போயிற்று.

2024 ஜூனில் புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் அதே வகைக் கலத்தில் போனார்கள். விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது 28 சிறு த்ரஸ்டர்களில் ஐந்து நின்றன. பிறகு நான்கு திரும்ப வேலை செய்தன. கட்டளைகள் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தன, தள்ளுதான் குறைந்திருந்தது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் அதே வகை த்ரஸ்டர் ஒன்றை மேடையில் ஏற்றி, விண்ணில் நடந்த அதே வரிசையில், நிஜ எரிபொருளோடு, அதே வெப்பத்தோடு எரித்துப் பார்த்தார்கள். தள்ளு குறைந்தது. பிரித்துப் பார்த்தபோது ஆக்சிகரணி வால்வின் டெஃப்லான் அடைப்பு உப்பிப் பிதுங்கி, திரவம் போகும் வழியை மறித்திருந்தது.

இதில் கவனிக்கவேண்டியது, அந்த மேடையின் பதிலும் முழுப்பதிலாக ஆகவில்லை என்பது. தரையில் அடைப்பு பிதுங்கியபடியே இருந்தது. விண்ணிலோ ஆறவிட்டபின் பல த்ரஸ்டர்கள் பழைய தள்ளுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டன. அப்படியானால் விண்ணில் நடந்ததும் தரையில் கண்டதும் ஒன்றுதானா? இறங்கும்போது மறுபடி உப்பினால் என்ன ஆகும்? திட்டவட்டமாகச் சொல்ல முடியாததால்தான் ஆகஸ்ட் 24 அன்று நாசா ஆளில்லாமலே கலத்தை இறக்க முடிவெடுத்தது. செப்டம்பரில் கலம் பத்திரமாகவே இறங்கியது. த்ரஸ்டர்கள் இருந்த சேவைப் பகுதி வளிமண்டலத்தில் எரிந்துபோனதால், பிரித்துப் பார்க்கவேண்டிய நிஜ வால்வுகள் யார் கைக்கும் வரவில்லை. இருவரும் வேறொரு கலத்தில் 2025 மார்ச்சில் திரும்பினார்கள்.

ஸ்டார்லைனரை மின் மேடையில் வைத்திருந்தால் 28 த்ரஸ்டரும் பச்சை விளக்கு காட்டியிருக்கும். தண்ணீர் மேடையிலும் அப்படியே, ஏனென்றால் தண்ணீர் டெஃப்லானை உப்பவைக்காது. ஜெமினியும் ஸ்டார்லைனரும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே இடத்துக்கு வருகின்றன: ஒன்றில் வால்வு சொன்னபடி கேட்டது, சொன்னதுதான் தவறு, மற்றதில் சொன்னது சரி, வால்வு கேட்டும் பயனில்லை.

இரண்டு மேடைக்கும் நடுவே விழுகிற சிக்கல்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. அது வெப்பம். த்ரஸ்டர் எரிந்து நின்றபின் எரியறையின் சூடு மெல்ல வால்வை நோக்கி ஊரும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். நம் 87 ஓம் காயில் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 114 ஓம். அதே நேரம் கலம் நிழலில் இருந்து, பாட்டரி இறங்கி, மின்னழுத்தம் 24 வோல்ட்டாக இருந்தால் மின்னோட்டம் 0.21 ஆம்பியர்தான். இரும்பை இழுக்கும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்திலேயே டெஃப்லானும் மென்மையாகி இடம் கொடுக்கத் தொடங்கும். மின் மேடையின் ரெசிஸ்டர் ஏசி அறையில் 25 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது. திரவ மேடையின் மின்சாரம் சுவரிலிருந்து வந்து, அசையாத 28 வோல்ட்டைத் தருகிறது. சூடான வால்வும் சோர்ந்த பாட்டரியும் சந்திக்கும் இடம் இரண்டிலும் இல்லை. இதைச் சேர்த்துப் பார்க்கப் பெரிய செலவு ஆகாது. திரவ மேடையில் வால்வைச் சுற்றி ஒரு ஹீட்டர், மாற்றக்கூடிய மின்னழுத்தம், மின்னோட்டத்தைப் பதியும் ஒரு கருவி. பள்ளம் எங்கே விழுகிறது, எந்த வெப்பத்துக்கு மேலும் எந்த மின்னழுத்தத்துக்குக் கீழும் பள்ளமே விழுவதில்லை என்று ஒரு அட்டவணை கிடைத்தால் போதும். அந்த அட்டவணையை மின் மேடையில் ஏற்றிவிட்டால், நடிக்கும் வால்வும் சூட்டில் தயங்கக் கற்றுக்கொள்ளும்.

காலம் என்ற ஒன்றை மட்டும் எந்த மேடையும் காட்டுவதில்லை. ஜப்பானின் அகாட்சுகி 2010 மே மாதம் கிளம்பி டிசம்பர் 7 அன்று வெள்ளியை அடைந்தபோது அதன் முதன்மை எஞ்சின் பாதியில் நின்றது. எரிபொருள் ஆவியும் ஆக்சிகரணி ஆவியும் வழியில் மாதக்கணக்கில் சந்தித்து உப்பாகி, ஒரு தடுப்பு வால்வை அடைத்திருந்தன. ஐந்து ஆண்டு சூரியனைச் சுற்றிவிட்டு, 2015இல் அதே டிசம்பர் 7 அன்று, சிறு த்ரஸ்டர்களை வைத்தே அதைச் சுற்றுப்பாதையில் சேர்த்தார்கள். மங்கள்யானின் 440 நியூட்டன் எஞ்சினும் பத்து மாதம்போல உறங்கிக் கிடந்தது. அங்கே 2014 செப்டம்பர் 22 அன்று, செவ்வாயைச் சேர இரண்டு நாள் இருக்கையில், எஞ்சினை 3.968 நொடி எரித்துப் பார்த்தார்கள். வேறு மேடை இல்லாதபோது கலமே மேடை.

இரண்டில் எதை முதலில் கட்டுவது என்று கேட்டால், கல்லூரியிலோ சிறு நிறுவனத்திலோ இருப்பவர்களுக்கு மின் மேடை என்பேன். பணம் குறைவு, ஒரு நாளில் பிடிக்கும் பிழைகள் அதிகம், தவறு செய்தால் யாருக்கும் மூச்சுத் திணறாது. கட்டளை மாறிப்போவது, துடிப்பு நீளுவது, கணினி மறுபடி தொடங்கும்போது த்ரஸ்டர் துடிப்பது எல்லாம் அங்கேயே வெளிவந்துவிடும். நிஜ எரிபொருளை எரித்துப் பார்ப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. வெற்றிடத்தில் எஞ்சினை எரிக்கத் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இருப்பதுபோல ஒரு வளாகமே வேண்டியிருக்கிறது. ஆனால் மின் மேடை கட்டும் முன், ஒரே ஒரு நிஜ வால்வையாவது தண்ணீரோடு ஒரு வாரம் மேசையில் வைத்து அதன் மின்னோட்டக் கோட்டைப் பதிந்துகொள்ள வேண்டும். விவரக்குறிப்புத் தாளில் போட்டிருக்கும் 'திறக்கும் நேரம்' என்ற ஒற்றை எண்ணை வைத்து மேடை கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த எண் ஒரு வெப்பத்தில், ஒரு அழுத்தத்தில், ஒரு மின்னழுத்தத்தில் எடுத்தது.

கட்டியபின், பதிந்த அந்த மின்னோட்டக் கோட்டின் கோப்பைப் பராமரிப்பதும் வேலைதான். வால்வுகள் தொகுதி தொகுதியாக வரும். காயிலின் சுற்று ஒன்றிரண்டு கூடும், வில்லின் இறுக்கம் சற்றே மாறும், ஒரு பழைய பிசின் கிடைக்காமல் புதியது வரும். கலத்தில் ஏறுவது ஐந்தாம் தொகுதி வால்வாக இருக்கும்; மின் மேடையில் ஓடுவது இரண்டாம் தொகுதியின் கோடாக இருக்கும். பெட்டியின் வெளிப்புறத்தில் த்ரஸ்டரின் எண்ணைப் பெரிதாக ஒட்டுகிறார்கள். அதன் கீழே, உள்ளிருக்கும் கோடு எந்த வால்விலிருந்து, எந்த வரிசை எண்ணிலிருந்து, என்று எடுத்தது என்பதையும் எழுதி ஒட்டலாம். அளந்த நாளும் வரிசை எண்ணும் இல்லாத கோட்டை வைத்துக் கொடுத்த 'சரி'யை, கையெழுத்துப் போடும் அதிகாரி திருப்பி அனுப்பலாம்.